குறட்டை விடுபவருக்குக் கேட்காது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்

நலவாழ்வுப் பகுதி



லயத்து வீட்டில் குறட்டைக்குச் சுவர் கிடையாது. நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு, மேலே தகரம். முதல் வீட்டில் ஒருவர் குறட்டை விட்டால் மூன்றாவது வீட்டில் இருப்பவர் புரண்டு படுப்பார். காலையில் பிரட்டுக்குப் போகும்போது, "நேத்து ராத்திரி உங்க வீட்டு லோரி ரொம்ப நேரம் மேடு ஏறுச்சே, எங்க போய் நின்னுச்சு?" என்று கேலி செய்வார்கள். கும்பகர்ணன் என்று பட்டப்பெயர் வைப்பார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கும் இந்தக் கேலி புதிதல்ல.

கேலி செய்யட்டும், சிரிக்கட்டும், குற்றமில்லை. ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அதுதான் குற்றம். நம்மில் பலர் குறட்டையை அசந்த தூக்கத்துக்கு அடையாளம் என்று நினைக்கிறோம். "பாவம், அசதியில தூங்குறாரு, எழுப்பாத" என்கிறோம். குறட்டை எல்லா நேரமும் நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல. சிலருக்கு அது தூக்கத்தில் மூச்சு அடைபடுவதன் அடையாளம். அப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்காதவர் போலத்தான் எழுந்திருப்பார்.

ஆகவே குறட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் சத்தம். அதை வீட்டிலேயே செய்யக்கூடிய சில காரியங்களால் குறைக்கலாம். மற்றொன்று நோய். அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது எப்படி என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நாம் இழுக்கும் காற்று மூக்கு வழியாகத் தொண்டைக்கு வந்து, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. மூக்குக்கு எலும்பு இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் தொண்டைக்கு அப்படி ஒரு கூடு இல்லை. அது தசையால் ஆன பை போன்றது. விழித்திருக்கும்போது தசைகள் இறுக்கமாக இருந்து வழியைத் திறந்து வைத்திருக்கும்.

தூங்கியதும் உடம்புத் தசைகள் எல்லாம் தளர்கின்றன. தொண்டைத் தசையும் தளர்கிறது. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. உள்நாக்கும் அதைச் சுற்றியுள்ள மென்மையான சதையும் தொங்குகின்றன. வழி குறுகிவிடுகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் எப்படிச் சீறிக்கொண்டு வருகிறதோ, அப்படிக் காற்றும் வேகமாகப் போகிறது. அந்த வேகத்தில் தளர்ந்த சதை காற்றில் படபடக்கும் வாழை இலை போல அடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம்தான் குறட்டை.

வழியைக் குறுக்குகிற காரணங்கள் பல. மல்லாந்து படுப்பது, கழுத்தைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது, சளியாலோ ஒவ்வாமையாலோ மூக்கு அடைப்பது, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பது, தொண்டைச் சதை வீங்கியிருப்பது, தாடை சிறியதாக இருப்பது ஆகியவை முக்கியமானவை. குடி, சிகரெட், தூக்க மாத்திரை, வயது ஆகியவையும் இதில் சேரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குறட்டை கூடுகிறது. கர்ப்ப காலத்திலும் சிலருக்குப் புதிதாக வரும். கர்ப்பிணி திடீரென்று பலமாகக் குறட்டை விட ஆரம்பித்தால், அதைக் கிளினிக்கில் தாதியிடம் சொல்லி ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது.

எந்தக் குறட்டைக்குப் பயப்பட வேண்டும்?

சத்தம் ஒரே சீராக வந்து போனால் பெரும்பாலும் பயமில்லை. பயப்பட வேண்டியது சத்தம் நிற்கும்போது!

கவனித்துப் பாருங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நிற்கும். வீடு அமைதியாகிவிடும். "அப்பாடா, நின்னுடுச்சு" என்று பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்கப் பாடுபடுகின்றன, ஆனால் தொண்டை முழுக்க அடைத்துக்கொண்டதால் காற்று உள்ளே போகவில்லை. 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு அதற்கும் மேலே போகும். பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்ததுபோல ஒரு பெரிய திணறலோடு மூச்சு வரும். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கும். மறுபடி குறட்டை ஆரம்பிக்கும்.

இதைத் தூக்க மூச்சடைப்பு என்கிறார்கள். மூச்சு நிற்கும்போது ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பயந்துபோய் உடம்பைத் தட்டி எழுப்புகிறது. எழுந்தது அவருக்கு நினைவிருக்காது, ஏனென்றால் அது சில விநாடிதான். ஒவ்வொரு தடவையும் இருதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் நோய் என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். 15-க்கு மேல் போனால் நடுத்தரம், 30-க்கு மேல் போனால் கடுமை. மணிக்கு 30 என்றால் ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 தடவை! ஒரு மனிதனை ஒரே ராத்திரியில் 180 தடவை தட்டி எழுப்பினால் மறுநாள் அவன் எப்படி மரம் ஏறி இறங்குவான், மோட்டார் ஓட்டுவான்?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயல்ல. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, உலகத்தில் 30 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்கு இந்த மூச்சடைப்பு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அதில் மிகப் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு இது வழிவிடும். இனிப்புநீர் உள்ளவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. மற்ற இனத்தவரைவிட நம்மிடம்தான் அதிகம். ஆகவே குறட்டையை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

தோட்டத்து வேலையும் தூக்கமும்

1917-ஆம் ஆண்டில் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனை வியாபாரப் பயிராக நடப்பட்டது. அதற்குப் பிறகும் வெகு காலம் நம் அப்பா, தாத்தா பால்மரத்தையே நம்பியிருந்தார்கள். விடியுமுன் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடந்தே மரம் வெட்டினார்கள். இன்று கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கமெல்லாம் செம்பனைதான் பெரும்பாலும். வேலையின் ஆபத்தும் மாறிவிட்டது.

நீண்ட கம்பின் நுனியில் கத்தியைக் கட்டி, தலைக்கு மேலே இருக்கும் மட்டையையும் குலையையும் அறுக்க வேண்டும். விழுகிற குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். ஒரு விநாடி கண் அயர்ந்தால், ஒதுங்க வேண்டிய காலம் ஒதுங்காமல் போய்விடும். டிராக்டர் ஓட்டுகிறவர் கால்வாய் ஓரத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும். எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவருக்குப் பக்கத்திலேயே கொதிநீராவி. தோட்டத்தை விட்டுப் போன நம் பிள்ளைகளில் பலர் லோரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள், ஜாகா வேலை செய்கிறார்கள். இவர்கள் எல்லாரும் விடிகாலை இருட்டில் மோட்டாரில் போய் வருகிறவர்கள்.

மூச்சடைப்பு உள்ள ஓட்டுநர்களுக்குச் சாலை விபத்து நேரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "கண்ணு லேசா சொக்குச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி உயிர்பிழைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சொல்ல முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

எட்டுக் கேள்விகள்

கனடா நாட்டு டாக்டர்கள் 2008-ஆம் ஆண்டில் ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். காசு செலவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

1. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குப் பலமான குறட்டையா?
2. பகலில் அடிக்கடி களைப்பு, சோர்வு, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதையோ திணறுவதையோ யாராவது பார்த்தார்களா?
4. ரத்தக் கொதிப்பு உண்டா, அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறாரா?
5. உடல் மிகவும் பருமனா? 165 செண்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 95 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.
6. வயது 50-க்கு மேலா?
7. தையல் அளவு நாடாவால் அளந்தால் கழுத்துச் சுற்றளவு 40 செண்டிமீட்டருக்கு மேலா?
8. ஆணா?

மூன்று கேள்விக்கு "ஆமாம்" என்றால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. ஒல்லியானவருக்கு வராது என்று நினைக்காதீர்கள். தாடை சிறியதாக இருப்பவருக்கு, எடை குறைவாக இருந்தாலும் வரும்.

இவை தவிர, காலையில் தலைவலியோடு எழுவது, வாய் உலர்ந்து போவது, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, ஞாபகமறதி ஆகியவையும் அடையாளங்கள்.

மூன்றாவது கேள்வியை மறுபடி படியுங்கள். அதற்குப் பதில் சொல்ல நோயாளியால் முடியாது. பல வீடுகளில் நடக்கும் பேச்சு இதுதான்:

"ஏங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னுடுதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சும்மா இரு. நான் எங்க குறட்டை விட்டேன்? நீதான் ஏதோ கனவு கண்டிருப்ப."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே தாய்மார்களே, நீங்கள்தான் சாட்சி. வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்றால் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். சத்தம், அமைதி, திணறல் மூன்றும் அதில் கேட்க வேண்டும். கேலிக்காக அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். குறட்டை விடுவது மனைவியாக இருந்தால் கணவர் இதைச் செய்யவேண்டும். பெண்கள் வெட்கத்தால் இதை வெளியே சொல்வதில்லை. "எனக்கு எப்பவும் அசதிதான்" என்று வீட்டு வேலையின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

மூச்சடைப்பு இல்லாத சாதாரணக் குறட்டைக்கு இவை போதும். மூச்சடைப்பு உள்ளவர்களுக்கும் இவை உதவும், ஆனால் இவை மட்டும் போதாது.

ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னால் சரிகிறது. பழக்கம் வரும்வரை, பழைய பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதற்குள் டென்னிஸ் பந்து ஒன்றைப் போடுங்கள். மல்லாந்தால் முதுகில் குத்தும், தானாகத் திரும்பிப் படுப்பார். விலாவில் குத்திக் குத்தி எழுப்பும் வேலை மனைவிக்கு மிச்சம்.

தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்கினால் கழுத்து மடங்கி வழி இன்னும் குறுகும். அதற்குப் பதில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் ஆடாத மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து நாலு அங்குலம் உயர்த்தலாம்.

மாலைக் குடியை விடுங்கள். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்வதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கள்ளு, பீர், சம்சு எதுவானாலும் தொண்டைத் தசையைக் கூடுதலாகத் தளர்த்திவிடும். மூச்சு நின்றால் மூளை தட்டி எழுப்புகிறதே, அந்தக் காவலையும் அது மழுங்கடிக்கும். சாதாரண நாளில் குறட்டை விடாதவரும் குடித்த ராத்திரி விடுவார். மூச்சடைப்பு உள்ளவர் குடித்துவிட்டு மல்லாந்து தூங்குவது உயிரோடு விளையாடுவது.

சிகரெட்டை விடுங்கள். புகை மூக்கையும் தொண்டையையும் வீங்கச் செய்கிறது. சன்னலை மூடிக்கொண்டு தலைமாட்டிலேயே கொசுவத்தி கொளுத்துவதும் அப்படித்தான். கொசுவலை கட்டுங்கள். வறட்சிக் காலத்தில் ராஜா மூசா சதுப்புக் காட்டுப் பக்கம் மண்ணே புகைந்து எரிந்த நாட்கள் நமக்கு நினைவிருக்கும். அந்தப் புகைமூட்டக் காலத்தில் பல வீடுகளில் மூக்கடைப்பும் குறட்டையும் கூடுவது இயல்பு.

மூக்கைச் சுத்தமாக வைத்திருங்கள். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கோடாலித் தைலம் தடவினால் மூக்குத் திறந்ததுபோல இருக்கும், ஆனால் அடைப்பு போகாது. கைக்குழந்தைக்கு அதைத் தடவவே கூடாது. மூக்கடைப்பு மாதக்கணக்கில் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எடையைக் குறையுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எடையில் 10 விழுக்காடு குறைந்தால் மூச்சுத் தடை 26 விழுக்காடு குறையும் என்றும், 10 விழுக்காடு கூடினால் 32 விழுக்காடு கூடும் என்றும் அது காட்டியது. 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைத்தாலே பெரிய லாபம். பசியாற நாசி லெமாக், பத்து மணிக்கு ரொட்டி சானாய், ஒவ்வொரு வேளையும் பால்டின் போட்ட தே தாரிக், ராத்திரி பத்து மணிக்கு மீ கோரிங் என்று போனால் எடை எப்படிக் குறையும்? ஒரேயடியாகப் பட்டினி கிடக்க வேண்டாம். முதலில் இனிப்புத் தண்ணீரை நிறுத்துங்கள். ராத்திரிச் சாப்பாட்டைத் தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள்.

தொண்டைக்குப் பயிற்சி கொடுங்கள். பிரேசில் நாட்டுச் சாவ் பாவ்லோ நகரில் நடுத்தர மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு மூன்று மாதம் தினமும் நாக்கு, தொண்டைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சுத் தடை ஏறக்குறைய 39 விழுக்காடு குறைந்ததாக 2009-ஆம் ஆண்டில் எழுதினார்கள். பயிற்சி சுலபம்தான். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்து அழுத்திப் பின்னால் இழுப்பது ஒன்று. முழு நாக்கையும் மேலண்ணத்தோடு ஒட்டி அழுத்துவது ஒன்று. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லில் வைத்து நாக்கின் அடியைக் கீழே அழுத்துவது ஒன்று. வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லி உள்நாக்கைத் தூக்குவது ஒன்று. ஒவ்வொன்றும் இருபது தடவை. சுவிட்சர்லாந்தில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீண்ட ஊதுகுழலை நாலு மாதம் ஊதச் சொல்லிக் கொடுத்தும் பலன் கண்டார்கள், அது 2006-ல். அதற்காக நாதஸ்வரக்காரர் எவருக்கும் குறட்டை வராது என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள்!

தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். "ராத்திரி தூக்கம் சரியில்ல" என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது மூச்சடைப்பைக் கூட்டும். குறட்டையை நிறுத்தும் மோதிரம், காந்தப் பட்டை, சொட்டு மருந்து என்று சந்தையில் விற்பதற்கெல்லாம் காசைக் கொட்டாதீர்கள். வாயை ஒட்டி மூடும் டேப்பும் இப்போது வந்திருக்கிறது. மூக்கடைப்பு உள்ளவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

பிள்ளை குறட்டை விட்டால்

சளி பிடித்த நாளில் பிள்ளை குறட்டை விடுவது சாதாரணம். சளி இல்லாத நாளிலும், வாரத்தில் பல ராத்திரி விட்டால் அது சாதாரணம் அல்ல. இரண்டு முதல் எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தொண்டையின் இருபக்கச் சதையும் மூக்கின் பின்னால் உள்ள சதையும் பெரிதாக வளர்ந்து வழியை அடைத்துவிடும்.

அடையாளம் என்ன? வாயைத் திறந்தே தூங்கும், வியர்த்துக் கொட்டும், தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்கும். நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையில் சிறுநீர் போகும். பெரியவர்கள் மாதிரி பகலில் தூங்கி விழாமல், சில பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்காமல் ஓடும், படிப்பில் கவனம் வைக்காது. "மக்குப் பிள்ளை", "வாலுப் பிள்ளை" என்று பெயர் வாங்கும். ஆசிரியர் திட்டுவார், அப்பா பிரம்பை எடுப்பார். பிள்ளையின் குற்றம் அதில் எதுவுமில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்து, தேவையானால் அந்தச் சதையை அறுவையால் எடுத்துவிடுவார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதிலேயே நல்ல மாற்றம் தெரியும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் தோட்டத்து டிரசரிடமோ, கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலோ சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். "தூங்குறப்ப மூச்சு நிக்குது டாக்டர்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள். "குறட்டை" என்று மட்டும் சொன்னால் அவசரம் புரியாமல் போகலாம். கிளினிக்கில் கடிதம் எழுதிச் சுங்கை பூலோ, கிள்ளான் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள்.

அங்கே தூக்கப் பரிசோதனை செய்வார்கள். தலையிலும் நெஞ்சிலும் சில கம்பிகளை ஒட்டி, விரலில் பிராணவாயு பார்க்கும் கருவியை மாட்டித் தூங்கச் சொல்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சிலருக்கு வீட்டுக்கே ஒரு சிறு கருவியைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு.

நோய் கடுமை என்றால் காற்றழுத்தக் கருவிதான் முதல் சிகிச்சை. 1981-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் இதைக் கண்டுபிடித்தார். தூசு உறிஞ்சும் இயந்திரம் காற்றை உள்ளே இழுக்கும். அதைத் திருப்பிப் போட்டதுபோல, இந்தக் கருவி மூக்கின் மேல் மாட்டிய மூடி வழியாகக் காற்றை மெதுவாக உள்ளே தள்ளும். அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து பிடித்திருக்கும். முதல் சில ராத்திரி தொந்தரவாக இருக்கும். பழகியவர்கள் பலர், "பல வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் தூங்கி எழுந்தேன்" என்கிறார்கள். கருவியின் விலை சில ஆயிரம் வெள்ளி. ஏழைக் குடும்பம் என்றால் ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவில் உதவி கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. நோய் லேசாக இருந்தால், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் பல் கவசம் சிலருக்குப் போதும். அறுவை சிகிச்சை எல்லாருக்கும் ஏற்றதல்ல.

இன்னொரு விஷயம். வேறு எந்த அறுவைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் "எனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் அவர் கூடுதல் கவனம் எடுப்பார்.

தூங்கி விழுந்தால் தண்டனையா?

இனி சங்கத்தின் வேலைக்கு வருவோம். ஒரு தொழிலாளி வேலை நேரத்தில் கண் அயர்ந்துவிட்டால் மண்டோர் என்ன எழுதுகிறார்? "சோம்பேறி" என்று எழுதுகிறார். இரண்டாவது தடவை எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. மூன்றாவது தடவை வேலை போகிறது. ஜாகா வேலையிலும் டிராக்டர் வேலையிலும் இது அதிகம். அந்த மனிதன் சோம்பேறியா, நோயாளியா என்று யாராவது கேட்டார்களா?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையான விசாரணை இல்லாமல் தவறான நடத்தை என்று ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. ஆகவே இப்படிக் கடிதம் வாங்கியவர் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே தோட்டக் கமிட்டியிடம் காட்டவேண்டும். கமிட்டிக்காரர்கள் முதல் வேலையாக அவரைக் கிளினிக்குக்கு அனுப்பிப் பரிசோதனைக்குக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை விசாரணையில் வைக்கவேண்டும். பரிசோதனை முடிந்து சிகிச்சை ஆரம்பிக்கும்வரை டிராக்டர், லோரி, குலை அறுப்பு போன்ற ஆபத்தான வேலையிலிருந்து அவரை மாற்றிக் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இது தோட்டத்துக்கும் நல்லது. விபத்து நடந்தால் நஷ்டம் இரு பக்கமும்தான்.

டாக்டர் ஓய்வு கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு சட்டப்படி உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவில் கோர இடமுண்டு. சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

ஆனால் சொக்சோ பணம் கையில் வருவதைவிட, மனிதர் வீட்டுக்கு வருவதுதான் நமக்கு வேண்டும்.

ஆகவே இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டையைப் பத்து நிமிடம் கோபப்படாமல் கேளுங்கள். சத்தம் நின்றால் எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தைத் தாண்டியும் மூச்சு வரவில்லை என்றால், அவரைத் தட்டித் திருப்பிப் படுக்க வையுங்கள். விடிந்ததும் அவருக்கு என்ன வேலை இருந்தாலும் சரி, அந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார். நீங்கள் விடாதீர்கள்.